சத்தம் நின்றதும்

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகிற காலை பஸ். மல்லிகை மூட்டைகளுக்கு இடம் விட்டு நான் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு எலக்ட்ரீசியன். ஒயர் பதிக்கச் சுவரில் காடி வெட்டும் மெஷினைப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார்.

“மெஷின் ஓடுறப்ப யாராச்சும் போன்ல இருக்கணும். பேச வேணாம், சும்மா இருந்தாப் போதும்,” என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அதைக் கேட்டதும் என் காது அங்கேயே நின்றுவிட்டது.

“அந்த இரைச்சல்ல என்னண்ணே கேக்கும்?” என்றார் பக்கத்து ஆள்.

“இரைச்சல்தான் கேக்கணும். கட்டி முடிக்காத வீட்டுல வேற ஆளே இருக்காதுப்பா. கண்ணாடி, மாஸ்க்கு எல்லாம் போட்டுத்தான் வெட்டுறேன். ஆனா பிளேடு கம்பியில மாட்டி உதறிருச்சுன்னா யாரு பாக்குறது? சத்தம் நின்னதும் நான் ‘முடிஞ்சுச்சு’ன்னு சொல்லணும். சொல்லலைன்னா ஆள அனுப்பணும். உன் மதினிதான் லைன்ல இருப்பா. மெஷின நிறுத்துனா அவ பாத்திரம் வெளக்குற சத்தம் கேக்கும்.”

“மதினி தவறி ஆறு மாசமாச்சேண்ணே. இப்ப யாருக்குப் போடுறீங்க?”

அவர் பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தார். அது மூடித்தான் இருந்தது.

“இப்ப மெதுவா வெட்டுறேன்,” என்றார்.