நோன்புக் கஞ்சியும் குடல் அனுப்பிய சேதியும்

நோன்பு மாதம். குளுவாங்கிலிருந்து ஜோகூர் பாருவுக்குப் போகும் பகல் ரயில். எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை முதலாளி. அவர் பக்கத்தில் மனைவி, முக்காடிட்டு சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். முதலாளியோடு பேசிக்கொண்டு வந்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக மருந்து கொடுக்கும் டிரெசர். முதலாளியை அண்ணன் முறையில் 'நானா' என்று அழைத்து அவர் சொன்ன ஒரு வார்த்தையில் என் தூக்கம் போய்விட்டது.

"ராத்திரிச் சோறு இறங்கலன்னா நோய்னு அர்த்தமில்ல, நானா. உங்க குடல் போதும்னு சேதி அனுப்புது."

"குடலா? யாருக்கு?"

"இரைப்பைக்கு. பள்ளிவாசல்ல நோன்பு தொறக்க என்ன குடிக்கிறீங்க?"

"கஞ்சிதான். நெய்யும் ஆட்டுக்கறியும் போட்டது. ரெண்டு கோப்பை."

"அங்கதான் விஷயம். கொழுப்பு பட்டதும் குடல் ரத்தத்துல ஏதோ ஒரு சரக்கக் கலந்து விடுதாம். பித்தப்பை சுருங்குது, இரைப்பை மெதுவாயிடுது, பசியும் அடங்கிடுது. எங்க டாக்டர் துரை சொன்னாரு."

"தந்தி மாதிரியா?"

"தந்திக்குக் கம்பி வேணும். இதுக்கு ரத்தமே போதும்."

"அலமாக்! இவ என்னடான்னா, நான் வேற எங்கயோ சாப்பிட்டு வர்றேன்னு பத்து நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா. கேட்டியா புள்ள, எல்லாம் குடல் பண்ற வேலை!"

அந்த அம்மாள் இப்போதுதான் திரும்பினார்.

"கேட்டேன். அந்தக் குடல எனக்கும் ஒரு வார்த்தை சேதி அனுப்பச் சொல்லியிருக்கலாம். நீங்க வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்னு தெனமும் ஒத்தப் பேரீச்சம்பழத்தோட நோன்பு தொறந்துட்டு பசியோட உக்காந்திருக்கேன்."