துரையின் நாட்குறிப்பில் மஞ்சள்

மஞ்சள் கறை லேசில் போகாது, ஐயா. சட்டையில் பட்டால் சட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாம். நூற்றெழுபது வருடக் காகிதத்தை என்ன செய்வீர்கள்?

பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில். கொல்லிமலைக்கு மூலிகை தேடி வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, அங்கே குண்டனி நாட்டில், பொன்னாயி என்கிற அம்மாளின் முன்னோர் வீட்டில் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய நாட்குறிப்பை அந்தக் குடும்பம் சாமைப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றியது. அமாவாசைதோறும் அதன் மேல் மஞ்சள் பூசிக் கும்பிட்டுப் பாழாக்கியதும் அவர்கள்தான். பூச்சி அரிக்கிறது என்று பொன்னாயியே செம்மேட்டிலிருக்கும் என் அறைக்குக் கொண்டுவந்தார். அமாவாசைக்கு வந்து கும்பிட விட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

"அநாதையாச் செத்த மனுசனுங்க. எங்களை உட்டா அவருக்கு ஆருங்க இருக்கா?" என்றார்.

இரண்டு அமாவாசை வந்தார். மூன்று வாரம் உட்கார்ந்து சுத்தம் செய்த பக்கத்தில் ஐந்து விரல் மஞ்சள். திட்டினேன். "சரீங்க சாமி, இனிப் பூசலீங்க" என்று தலையாட்டினார். நான் நம்பவில்லை.

மூன்றாம் அமாவாசையன்று, புத்தகம் இருந்த பின்னறையில் பூச்சிக்கு விஷப் புகை போட ஏற்பாடு செய்திருந்தேன். கதவருகே அவருடைய செருப்பு கிடந்தது. மூடுமுன் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று குரல் கொடுக்க வேண்டும். அது எங்கள் தொழில் விதி. மூன்று முறை கொடுத்தேன். பதில் இல்லை. துரையைக் கும்பிடப் போனால் வாசல் தாண்டி வெளியே வரும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அது எனக்குத் தெரியும். யாரும் தடுக்கி விழக் கூடாதே என்று செருப்பை ஓரமாக நகர்த்தினேன். பூட்டினேன். புகையைத் திறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் தட்டினார். கடைசியில், "கதவத் தொறந்துடு கண்ணு" என்றார். வழக்கத்தை மீறியது அவர்தான். நான் விதியை மீறவில்லை.

மறுநாள் திறந்தேன். மஞ்சள் ஒரு வெற்றிலையில் தனியாக இருந்தது. புத்தகத்தில் பொட்டுக்கூட இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார், நல்ல மனுஷி. ஆனால் புத்தகத்துக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து, அதைச் சேலைக்குள் சுருட்டி மார்போடு அணைத்துக் கிடந்தார். தாள்களுக்குள் புகை ஏறவே இல்லை. பூச்சி அத்தனையும் உயிரோடு இருக்கிறது.

எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஸ்டேஷனிலிருந்து என்னை எப்போது அனுப்புவீர்கள், ஐயா?