மதில் தாண்டாத வெங்காற்று

கொதிக்கும் கூடத்தைக் குளிரக் காத்த கோமகளே! கணினி நிரைகளின் காய்ச்சல் தணித்த கைராசிக்காரரே! எங்கள் தரவு மையத்தின் குளிரூட்டல் பொறியாளரே, எங்கள் அன்புக் குளிரக்காவே!

உலகம் பார்க்கும் படமும் பேசும் பேச்சும் வந்து தங்கும் இக்கூடத்தில் நீங்கள் நுழைந்த நாளில், எங்கள் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. "கணினிக்குச் சளி பிடிக்காது கண்ணுங்களா, உங்களுக்குத்தான் பிடிக்குது" என்று சிரித்தபடியே குளிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தீர்கள். மேலாளர் ஐயாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கணினிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை!

யாரும் தொடாத கணினி இராப்பகலாய் ஓடினால் உங்களுக்குப் பொறுக்காது. "வீட்டுல ஆளே இல்ல, இது யாருக்குச் சமைக்குது?" என்று நீங்கள் அணைத்தவை எத்தனை எத்தனை! இக்கூடத்தின் தயவால் நோயாளி வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண்கிறார். ஊர் தாண்டாமலே கூட்டங்கள் கூடுகின்றன. எத்தனையோ வண்டிகள் எண்ணெய் எரிக்காமல் நிற்கின்றன. நாங்கள் அதைப் பெருமையாகப் பேசினால், "அங்க மிச்சம் பிடிச்சத இங்க பின்பக்கமா சூடா ஊதித் தள்ளுறோமே" என்பீர்கள்.

ஊதித்தான் தள்ளுகிறோம். மதிலுக்கு அப்பால் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை உலர்த்த எண்ணெய் எரிகிறது. இப்பால் நம் வெங்காற்று வீணே வானேறுகிறது. ஒரு விடுமுறை நாளில் தார்ப்பாயைக் குழாயாய்ச் சுருட்டி மதில்மேல் போட்டு அந்தக் காற்றை அப்பக்கம் திருப்பினீர்கள். "அக்கா, அடுப்பே பத்த வைக்கல, காஞ்சிடுச்சே!" என்று சலவைக்கூடத்து அண்ணன் விரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டு துள்ளினாரே!

நிரந்தரக் குழாய் பதிக்க மேலாளர் ஐயா ஒப்புதல் தர வேண்டும். கேட்டபோதெல்லாம், "பாக்கலாம்மா" என்பார் அவர். "பாத்துக்கிட்டே இருங்க ஐயா, நான் வீட்டுக்கே போயிடுவேன்" என்றீர்கள். இதோ, பணி ஓய்வு பெற்றுப் போகிறீர்கள்.

எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை அக்கா! அடுத்த மாதம் புது நிரைகள் வருகின்றன, வெப்பம் இரட்டிக்கும். நீங்கள் இல்லாத கூடத்தில் அந்தக் குழாயை யார் நச்சரித்துக் கேட்பார்? கைதட்டிவிட்டுக் கலைந்து போக மனம் வரவில்லை. அதனால்தான் இம்மடலுக்கு இன்னும் கண்ணாடிச் சட்டம் போடவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா எங்களைப் பொறுத்தருள்க. பேனா மேசைமேல் இருக்கிறது.

முழங்கால் வலி முற்றிலும் நீங்கி, அபாயமணி எழுப்பாத காலைகள் பல்லாண்டு உங்களுக்கு வாய்க்கட்டும்!

என்றும் உங்கள் அன்பில்,
குளிரூட்டல் பிரிவுப் பணியாளர்கள்

குழாய் பதிக்க ஒப்புகிறேன்:
...................................
மேலாளர்