இடப்பக்கம் இழுத்த ஜீப்

மத்தியானம் பன்னிரண்டே முக்கால். குருவிகுளம் தாண்டிக் கரிசலுக்குள் போகிற ஒற்றை வண்டிப்பாதை. முன்னேயும் ஆள் இல்லை, பின்னேயும் ஆள் இல்லை. தூரத்துக் காற்றாலை றெக்கைகூட அசையாமல் நின்றது...

கரண்ட் போன ராத்திரியில் உட்கார்ந்துகொண்டு பட்டப்பகலைச் சொல்கிறானே என்று சிரிக்க வேண்டாம். எனக்கும் இருட்டுக்கு மட்டும்தான் பயம் இருந்தது, இதைக் கேட்கும்வரை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த மெழுகுவர்த்தி அணைந்தாலும் பரவாயில்லை, கதவு மட்டும் சாத்தியிருக்கட்டும்.

நடந்தது என் மதினியின் சித்தி மகளுக்கு. பேர் மீனலோசினி, மீனா என்றுதான் கூப்பிடுவோம். சங்கரன்கோவில்காரி. கால்நடை டாக்டர். முப்பது வயசு. பொய் சொல்லுகிற ஆள் கிடையாது. பயப்படுகிற ஆளும் கிடையாது, அப்போது.

அந்தப் பாதையில் அன்றைக்கு அவள் ஓட்டி வந்தது ஒரு பழைய ஜீப். வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவள் சொந்தமாக வாங்கிய முதல் நாலு சக்கர வண்டி அதுதான்.

ஏன் ஜீப்? முந்தின வருஷம் ஐப்பசியில் விடாத மழை. அந்தப் பக்கத்தில் பேச்சி என்று ஒரு பெண், நாற்பது வயசு இருக்கும், தனியாளாகக் கிடை போட்டு ஆடு மேய்க்கிறவள். அவள் ஆடுகளுக்குத் துள்ளுமாரி வந்துவிட்டது. நின்றுகொண்டிருக்கிற ஆடு துள்ளி விழுந்து செத்துப்போகும், அப்படி ஒரு நோய். போன் வந்ததும் மீனா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். நனைந்த கரிசல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, வண்டி ஒரு அடி நகரவில்லை. மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது இருபத்தாறு ஆடுகள் வரிசையாகக் கிடந்தன.

பேச்சி அழவில்லை. "நடந்தா வந்திய?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் மீனாவை எங்கே பார்த்தாலும் காறித் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த ஒரு கேள்விதான் மீனாவை வாசுதேவநல்லூருக்கு விரட்டியது. அங்கே வெள்ளத்துரை என்று ஒருவர். பழைய வண்டி வாங்கி விற்கிறவர். தென்னந்தோப்புக்குப் பின்னால் தகரக் கொட்டகை. மற்ற வண்டியெல்லாம் கொட்டகைக்குள் நிழலில் நிற்க, இந்த ஜீப் மட்டும் வெளியே, வெயிலில், தனியாக நின்றதாம்.

மீனா ஏமாறக் கூடாது என்று கூடவே முகம்மது ஆரிப்பைக் கூட்டிப் போயிருந்தாள். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற மெக்கானிக். அவர் ஜீப்புக்கு அடியில் படுத்து ஒரு மணி நேரம் பார்த்தார். துரு இல்லை. வெல்டிங் இல்லை. அடிச்சட்டத்தில் பொறித்திருந்த சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. கடைசி எண் மட்டும் கொஞ்சம் கோணலாகப் பதிந்திருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளத்துரை வண்டிப் பக்கமே வரவில்லை. சாவியைக் கையில் தராமல் தரையில் போட்டார். இவ்வளவு நல்ல வண்டியை ஏன் கொடுக்கிறீர்கள் என்று மீனா கேட்டதற்கு, "பிடிச்சா எடுங்க. இல்லன்னா எடத்தக் காலி பண்ணுங்க" என்றார். பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு இவர்கள் ரோட்டுக்குத் திரும்புவதற்குள் கேட்டைப் பூட்டிச் சங்கிலி போட்டுவிட்டார்.

முதல் மாதம் நல்லபடியாகத்தான் போனது. காலையில் குச்சியை உருவி ஆயில் பார்ப்பது, என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் இருப்பது, ஃபோர் வீல் கியரைத் தார் ரோட்டில் போடாமல் சேற்றில் மட்டும் போடுவது, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கிரீஸ் அடிப்பது... எல்லாம் ஆரிப் சொல்லிக் கொடுத்தார். மீனாவின் நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு இருக்கும். மழை பெய்தது. ஜீப் சேற்றைக் கிழித்துக்கொண்டு போனது. கிடை கிடையாகப் போய் ஊசி போட்டாள்.

அப்புறம் இழுக்க ஆரம்பித்தது.

ஸ்டேரிங் இடப்பக்கம் இழுத்தது. புது வண்டிக்காரிக்கு முதலில் புரியவில்லை. ஆரிப் அலைன்மென்ட் பார்த்தார். டயரை மாற்றிப் போட்டார். ஊருக்குள் ஓட்டினால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. கரிசல் பாதையில் திரும்பி வரும்போது, ஒரே ஓர் இடத்தில் மட்டும் இழுத்தது. அந்த இடத்தில் இடப்பக்கம், தரிசுக்குள், முள் அடர்ந்த உடைமரங்களுக்கு நடுவே ஒரு கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு. முதலில் லேசாக இழுத்தது. அடுத்த வாரம் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் தோள்பட்டை வலித்தது.

வீட்டு வாசலிலும் அப்படித்தான். ராத்திரி சக்கரத்தை நேராக வைத்துவிட்டுத்தான் இறங்குவாள். காலையில் பார்த்தால் முன்சக்கரம் இரண்டும் கிழக்கே திரும்பியிருக்கும். குருவிகுளம் பக்கம்.

இதைக்கூட அவள் பெரிதாக எடுக்கவில்லை. ரேடியேட்டர் விஷயம்தான்...

என்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலண்டை ஆரிப் தன் கையால் ஊற்றியிருந்தார். ஒரு மாதம் கழித்துக் கழுவலாம் என்று அடியில் தட்டை வைத்துத் திருகைத் திறந்தார். கூலண்ட் வரவில்லை. கறுப்பும் பச்சையுமாகத் தண்ணீர் வந்தது. பாசி நாற்றம். அழுகின இலை நாற்றம். கடைசியில் பொத்தென்று என்னவோ விழுந்தது. விரல்நகம் அளவுக்கு ஒரு மீன். தட்டில் கிடந்து துடித்தது.

உயிரோடு.

ஆரிப் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வண்டியை விற்றுவிடுங்கள் என்றார். மீனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ட தண்ணீரை ஊற்றிவிட்டுக் கதை கட்டுகிறீர்களா என்று பட்டறையில் எல்லாரும் பார்க்கச் சத்தம் போட்டிருக்கிறாள். அவர் திருகை மூடினார். அப்புறம் அவளே தணிந்து சொன்னாள். "எனக்கு வண்டி வேணும் பாய். அங்கன இன்னொரு ஆடு செத்தா பேச்சி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"ஒங்க இஷ்டம் டாக்டரம்மா. இனிமே இந்த வண்டியில நான் கை வைக்க மாட்டேன்" என்று சாவியை நீட்டினார்.

வெள்ளத்துரைக்குப் போன் போட்டாள். கட் பண்ணினார். மறுபடி போட்டாள். இந்த நம்பருக்கு இனிமேல் கூப்பிட்டால் நடக்கிறதே வேறு என்று ஏசிவிட்டு வைத்துவிட்டார். மூன்றாம் தடவை போட்டபோது அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

இதெல்லாம் நடந்த நாலாம் நாள்தான் நான் முதலில் சொன்ன மத்தியானம்.

தடுப்பூசி போட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வருகிறாள். கிணற்றுக்கு இன்னும் நூறு அடி இருக்கும்போதே வண்டிக்குள் அந்தப் பாசி நாற்றம். இரண்டு கையாலும் ஸ்டேரிங்கை இறுக்கினாள். அன்றைக்கு அது இழுக்கவில்லை. திரும்பியது. அவள் கைக்கு மேல் வேறு இரண்டு கை இருந்து திருப்புகிற மாதிரி, நிதானமாக, அவசரமே இல்லாமல்...

பாதையை விட்டு இறங்கியது. பிரேக்கை மிதித்தாள். பெடல் கல்லாக இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள், நிற்கவில்லை. சாவியைப் பிடுங்கினாள். சாவி அவள் கையில் இருந்தது, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தோளால் இடித்தாள், திறக்கவில்லை. அப்போது அவள் காலுக்குப் பக்கத்தில், டக்... ஃபோர் வீல் கியர் தானாக விழுந்தது. எந்தச் சேற்றிலும் நிற்கக் கூடாது என்று ஆசைப்பட்டு வாங்கினாளே, அந்த நாலு சக்கரமும் மண்ணைக் கவ்விக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில், கிணற்றைப் பார்த்து ஊர்ந்தது.

கிணறு வெட்டினபோது அள்ளிப்போட்ட கல்மேடு ஒன்று விளிம்பில் கிடந்தது. அதில் அடி வயிறு மாட்டி ஜீப் நின்றது. இடது முன்சக்கரம் அந்தரத்தில். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

யாருக்காவது கேட்கட்டும் என்று ஆரனை அழுத்தினாள். அந்த ஜீப் ஆரன் ஒரு மாதிரி கீறல் விழுந்த சத்தம், முடியும்போது இருமும். அழுத்தினாள். கிணற்றுக்குள்ளிருந்து அதே சத்தம் வந்தது. எதிரொலி என்று நினைத்தாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது.

கையை எடுத்துவிட்டாள்.

ஒன்றும் இல்லை. சக்கரம் சுற்றுகிற சத்தம் மட்டும்... அப்புறம் கிணற்றுக்குள் ஆரன் அடித்தது. இவள் அடிக்காமல். நீளமாக ஒரு தடவை. சின்னதாக ஒரு தடவை. யாரையோ சீக்கிரம் வா என்று கூப்பிடுகிற மாதிரி. ஜீப் முன்னால் ஒரு விரற்கடை நகர்ந்தது.

கண்ணாடியில் பார்த்தாள். பின்னால், உடைமரத்தடியில் பேச்சி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஆட்டுக்குக் குழை வெட்டுகிற அரிவாள். ஆடுகள் ஒன்றுகூட அவளைத் தாண்டி முன்னே வரவில்லை. பேச்சியும் வரவில்லை. நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று மீனாவுக்குத் தெரியாது. சாகட்டும் என்று விட்டுவிட்டாள் என்றே நினைத்தாளாம்.

அப்புறம் பேச்சி ஓடிவந்தாள். பின்பக்கப் படுதாவை அரிவாளால் ஒரே கீறாகக் கீறி, உள்ளே கையை விட்டு, மீனாவின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். சீட்டுக்கு மேலாக, கம்பியில் முழங்கால் கிழிய, தரதரவென்று இழுத்து வெளியே போட்டாள். மீனாவின் கால் மண்ணில் பட்டதும் என்ஜின் நின்றது.

இந்த வண்டி எங்கன கிடைத்தது என்று பேச்சி கேட்டாள். மீனா சொன்னாள். பேச்சி கிணற்றைக் கையால் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.

பதினொரு வருஷத்துக்கு முந்தி, இதே நேரம், இதே பாதையில் பேச்சியின் புருஷன் ஓர் ஆட்டு வியாபாரியின் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அவள் மதியச் சோற்றுத் தூக்கோடு எதிரே நடந்து வந்திருக்கிறாள். அவள் கண்முன்னாலேயே வண்டி பாதையை விட்டு இறங்கி, மெதுவாக, கிணற்றுக்குள் போனது. மூன்றாம் நாள்தான் உடம்பு மிதந்தது.

"ஆளத்தான் எடுத்தாவ. வண்டிய எடுக்கவே இல்ல. இந்த நம்பர்தான். உள்ளதான் கிடக்கு."

மீனா அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். பேச்சி காலை உதறினாள்.

"ஒங்களுக்காவ இழுக்கல. அந்தக் கிணத்துக்கு ஒரு ஆளு போதும்."

சாயங்காலம் டிராக்டர் வைத்து ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஆரிப் பட்டறைக்குப் பின்னால் விட்டார்கள். கை வைக்க மாட்டேன் என்றவர், பேட்டரியை மட்டும் கழற்றினார். நாலு சக்கரத்தையும் கழற்றிக் கல்லில் ஏற்றி வைத்தார். வாசுதேவநல்லூரில் போய்ப் பார்த்தார்கள். தென்னந்தோப்பு இருந்தது. கொட்டகை காலி.

நம்பரைத் திருடி வேறு வண்டிக்குப் போட்டிருப்பான், இது ஊரில் நடக்கிறதுதானே என்று மீனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மீனை எதில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை நினைக்காமல் விட்டுவிட்டாள். ஆபீசில் சண்டை போட்டு, மழைக்கால வேலைக்கு ஒரு டிராக்டர் ஏற்பாடு பண்ணிக்கொண்டாள்.

அடுத்த சித்திரையில் அந்தக் கிணறு வற்றியது. அத்தனை வருஷத்தில் முதல் தடவை. அடியில் ஒரு ஜீப்பின் கூரைக் கம்பி தெரிகிறது என்று பேச்சி ஆள் அனுப்பினாள். பஞ்சாயத்தில் சொல்லிக் கிரேன் வந்தது. வெயிலுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே தூக்கிவிட்டார்கள். மீனாவும் ஆரிப்பும் போயிருந்தார்கள்.

படுதா மக்கிப் போயிருந்தது. சீட்டில் சேறு. எல்லா இடுக்கிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. ஆரிப் சேஸைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். அதே நம்பர். கடைசி எண் அதே கோணல். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தள்ளிப் போய் நின்றார்.

பேச்சி மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். பேனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். மீனாவைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள்.

மீனா போய்க் கை வைத்தாள்.

சூரியன் இன்னும் மரத்துக்கு மேல் ஏறவில்லை. பதினொரு வருஷம் தண்ணீருக்குள் கிடந்த இரும்பு. கையை வைக்க முடியாமல் சுட்டது. குனிந்து காதைக் கொடுத்தாள். ரொம்ப தூரம் ஓடிவிட்டு இப்போதுதான் வந்து நின்ற என்ஜின், சூடு ஆறும்போது ஒரு சத்தம் கேட்குமே...

டிக்... டிக்... டிக்...