காலண்டர் அட்டையும் மைலேஜும்

சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு ஷேர் காரில், மடியில் பட்டாசுப் பெட்டியோடு வந்துகொண்டிருந்தேன். முன்சீட்டில் இருந்த தன் மச்சினனிடம் டிரைவர் பெருமையாகச் சொன்னார்:

"ரேடியேட்டருக்கு முன்னால காலண்டர் அட்டையை வச்சு அடைச்சுட்டேன் மாப்ள. காத்து உள்ள புகுந்து வண்டியை இழுக்காது. டீசல் மிச்சம்."

"இன்ஜின் சூட்டு முள்ளு உச்சிக்குப் போகுதே, நிறுத்துங்க மச்சான்!"

"போகட்டும்லே. இந்த மாசமும் மைலேஜ் கூடலன்னா ஒங்கக்கா காரை வித்துருவா."

நான் பெட்டியைப் பக்கத்துப் பெரியவர் மடிக்கு மரியாதையாக நகர்த்தினேன். அவர் இன்னும் மரியாதையாகத் திருப்பி வைத்தார்.

ஊர் வருமுன் வண்டி புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. கதவைத் திறந்து சாலையோரக் கருவேலமரம்வரை ஓடினேன், அந்தப் பெட்டியையே கட்டிப்பிடித்துக்கொண்டு.

டிரைவர் அட்டையை உருவி, முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தார்.

"பாதி அடைச்சுப் பாப்போம் மாப்ள. அம்புட்டுச் சீக்கிரம் விட்டுருவேனா?"