ஒரு கோடு சிக்னல்

என் பெயர் பியாட்ரிஸ். வயது நாற்பத்தொன்று. கணவர் பெயர் சகாயம். கே.ஜி.எஃப் என்கிற கோலார் தங்கவயலில், ஊரிகம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருக்கிறேன். கன்னடம் பேசுவேன், எழுத வராது. ஆகவே தமிழில் சொல்கிறேன். ஏட்டு சம்பங்கி அவர்களும் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார். யாரும் கூப்பிட்டு நான் வரவில்லை. இன்று காலை நானாகவே என் லேப்டாப்புடன் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நான் பெங்களூர் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கம்பெனி ஆட்களின் கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் எனக்கு ஃபோன் வரும். நான் இங்கிருந்து அனுமதி கேட்பேன். அவர்கள் திரையில் வரும் பொத்தானைத் தட்டினால் அவர்களுடைய கம்ப்யூட்டர் என் திரையில் தெரியும், சரிசெய்து கொடுப்பேன். பாதிப் பேருக்குக் கோளாறே இருக்காது. பிளக் சொருகாமல் பிரிண்டர் செத்துவிட்டது என்று சண்டைக்கு வந்தவர் உண்டு. எனக்குக் கோபம் சட்டென்று வரும். இருந்தாலும், வராத பிரிண்ட் வந்து விழும் சத்தம் ஃபோனில் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஷாலினி என்ற பெண் போன வருஷக் கடைசியில் டேட்டா என்ட்ரி வேலைக்குச் சேர்ந்தார். பேத்தமங்களாவில் ஏரிக்குப் போகும் வழியில் கணவர் பிரதாப்பின் தோட்டத்து வீட்டிலிருந்து வேலை செய்தார். முதல் தடவை பேசியபோது இங்கிலீஷில்தான் பேசினோம். நடுவில் வாய் தவறி நான் "இன்னாடா இது" என்றுவிட்டேன். உடனே அவர், "அக்கா, நீங்க கே.ஜி.எஃப்பா? நான் சாம்பியன் ரீஃப்ஸ்க்கா" என்றார். அதன் பிறகு வேறு யார் எடுத்தாலும் பேசமாட்டார், என்னைத்தான் கேட்பார்.

அதன் பிறகு அவருக்குத் தினமும் ஒரு கோளாறு வந்தது. ஒரு நாள் மவுஸ், ஒரு நாள் கீபோர்டு, ஒரு நாள் சத்தம் வரவில்லை. எல்லாம் ஒரு நிமிஷ வேலை. முடித்துவிட்டு வைக்கப்போனால், "கட் பண்ணாதீங்கக்கா, மறுபடி போயிடுச்சின்னா?" என்பார். அவர் பேசும்போதெல்லாம் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். ஓர் ஆண் குரல் "ஆயித்தா?" என்று கன்னடத்தில், முடிந்ததா என்று கேட்கும். எங்கள் மேனேஜர் சுனில், ஒரே ஆளிடம் இவ்வளவு நேரமா என்று என்னைத்தான் கடிந்துகொண்டார்.

பிறகு ஒரு நாள் அவருடைய கம்ப்யூட்டரை நன்றாகப் பார்த்தேன். மவுஸ் கெடவில்லை. செட்டிங்கில் போய் அவரே நிறுத்தி வைத்திருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. "வெளையாடறியாம்மா? எனக்கு வேற வேல இல்லியா?" என்று கத்திவிட்டேன். அதற்கு அவர், "இல்லக்கா. நாளைக்கும் கெட்டுப்போவும்" என்றார். அதை அவர் கெஞ்சுவதுபோல் சொன்னார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

போன வாரம் திங்கட்கிழமை, கேமரா கறுப்பாக இருக்கிறது, மீட்டிங்கில் முகம் காட்டச் சொல்கிறார்கள் என்று ஃபோன் செய்தார். இருக்கிற வித்தையெல்லாம் காட்டினேன், படம் வரவில்லை. கடைசியில், "லென்சு மேல ஏதாவது ஒட்டிக்கினு இருக்குதா பாருங்க" என்றேன். உடனே அவர் எனக்கில்லாமல் வேறு யாருக்கோ கேட்கும்படி உரக்க, "ஸ்டிக்கர எடுக்கணுமாம், ஆபீஸ்ல சொல்றாங்க" என்றார். அந்த ஆண் குரல் ஏதோ சொன்னது. பிறகு படம் வந்தது.

"பாத்தீங்களா, வந்துடுச்சி!" என்று நான் சந்தோஷமாகக் கத்தினேன். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். இடது கண் மூடிப்போய் வீங்கியிருந்தது. கன்னம் கறுத்திருந்தது. அவர் அழவில்லை. என்னை நேராகப் பார்த்து, "வெளிச்சம் பத்துதாக்கா?" என்று கேட்டுக்கொண்டே லேப்டாப்பை மெதுவாகத் திருப்பினார். ஜன்னலில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளில் பூட்டுத் தொங்கியது.

அந்தக் குரலும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததால், "பத்தலம்மா, இன்னும் கொஞ்சம் திருப்புங்க" என்றேன். அவர் திருப்பினார். கட்டிலும் ஒரு வாளியும் தெரிந்தன. அதன் பிறகு ஓர் ஆணின் கை வந்து லேப்டாப்பை மூடியது.

அன்று மாலை ஷாலினியின் பெயரில் ஒரு மெசேஜ் வந்தது. பிரச்சினை தீர்ந்தது, தங்கள் உதவிக்கு நன்றி என்று சுத்தமான இங்கிலீஷில் இருந்தது. அக்கா என்று தொடங்காமல் அந்தப் பெண் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. சுனிலிடம் சொன்னேன். குடும்ப விஷயம், நமக்கு எதற்கு என்றார். அவரிடம் நான் பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

அதன் பிறகு சாம்பியன் ரீஃப்ஸ் போய் விசாரித்து, ஷாலினியின் அம்மா யசோதாவைக் கண்டுபிடித்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து மகள் ஃபோன் எடுப்பதில்லை என்றும், தன்னோடு பேச அவளுக்கு இஷ்டமில்லை என்று மருமகன் சொன்னதை நம்பிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். மறுநாள் இருவரும் இங்கே வந்து புகார் கொடுத்தோம். போலீஸார் தோட்டத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். அறை காலியாக இருந்தது. ஜன்னலில் பலகை இல்லை. சண்டை போட்டுக்கொண்டு லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு பெங்களூர் போய்விட்டாள் என்று பிரதாப் சொன்னார். மேஜரான பெண், வருவாள் என்று எங்களை அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் யசோதா என் கையைப் பிடித்து, "பழைய சொரங்க ஷாஃப்டு எதுலயாவது..." என்று ஆரம்பித்தார். மேலே பேச விடாமல் நான் அதட்டினேன். அந்த நினைப்பு எனக்கும் வந்திருந்தது.

கம்பெனி லேப்டாப் எங்கே இன்டர்நெட்டோடு சேர்ந்தாலும் என் திரையில் பச்சைப் புள்ளி தெரியும். அந்த மெசேஜுக்குப் பிறகு ஷாலினியின் பெயருக்கு நேரே புள்ளி இல்லை. வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலை டீ வைக்க எழுந்து போய்த் திரும்பியபோது புள்ளி பச்சையாக இருந்தது. எந்த வைஃபை என்று பார்த்தேன். பெங்களூர் இல்லை, அதே தோட்டத்து வீட்டு வைஃபை. ஆனால் எப்போதும் முழுதாக இருக்கும் சிக்னல் இன்று ஒரே கோடு. அப்படியே ஆட்டோ பிடித்து இங்கே வந்தேன்.

ஒரு கோடு என்றால் வீட்டுக்குள் இல்லை, வீட்டை ஒட்டி எங்கேயோ இருக்கிறது என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அன்று வீட்டைப் பார்க்கப் போன கான்ஸ்டபிளை அவர் கூப்பிட்டுக் கேட்டார். தோட்டத்துக் கோடியில் மோட்டார் ரூம் இருக்கிறது, பூட்டியிருந்தது, திறந்து பார்க்கவில்லை என்று கான்ஸ்டபிள் சொன்னார்.

அதன் பிறகு சப்-இன்ஸ்பெக்டர் சொன்னபடி, அவர் முன்னால் என் லேப்டாப்பில் அனுமதி கேட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் யாரோ பொத்தானைத் தட்டினார்கள். ஷாலினியின் திரை என் திரையில் வந்தது. சார்ஜ் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை நின்றது. நான் எதையும் தொடவில்லை. மவுஸ் அம்பு தானாக நகர்ந்து கீழே போய்ச் சத்தத்தைப் பூஜ்யமாக்கியது. பிறகு அங்கேயே நின்றது.

அது பிரதாப் இல்லை என்று சொல்கிறேன். தன் வீட்டில் அவர் யாருக்குப் பயந்து சத்தத்தை நிறுத்த வேண்டும்?

மோட்டார் ரூமுக்குப் போகச் சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து ஜீப்பைக் கூப்பிட்டார், கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். விட்டுப்போனது இருந்தால் அவர்கள் திரும்பி வந்ததும் சொல்கிறேன். இவ்வளவும் நான் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் செய்தது. கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. ஏட்டு படித்துக் காட்டினார், சரியாக இருக்கிறது. நான் கையெழுத்துப் போடும் இந்த நேரத்தில் அங்கே சார்ஜ் நான்கு சதவீதம். சீக்கிரம் போங்கள்.

(ஒப்பம்) பியாட்ரிஸ்

சொல்லக் கேட்டு எழுதியவர்: சம்பங்கி, ஏட்டு