சீல் உடையாத பெட்டி

அந்தப் பாலாடைக்கட்டிய அப்படியே கடிக்கக் கூடாதும்மா, காப்பிக்குள்ள போடு. ஆமா, காப்பிக்குள்ளதான். ரெண்டு நிமிஷம் ஊறட்டும், அப்புறம் கரண்டியால எடுத்துத் தின்னு. உங்க போர்ச்சுக்கல்ல எப்படியோ, ஆத்தங்கரையில நாங்க இப்படித்தான். பேனாவ மூடி வை, ஃபாரம் எங்கயும் ஓடிப்போயிடாது. எங்க வீட்டுக்காரரு பன்னெண்டு மணிக்குத்தான் அந்தப் பழைய படைப் பெட்டிய உங்கிட்ட ஒப்படைக்கப் பாலத்துக்கு வருவாரு. இன்னும் ஒன்றரை மணி நேரம் கெடக்கு. சுவீடன் பன்னெண்டத்தான் சொல்றேன். அக்கரையில, ஃபின்லாந்துல, இப்பவே பதினொன்றரை ஆச்சு. எங்கண்ணன் உர்போ அவன் கடியாரப்படி பன்னெண்டுக்கு வந்து பாலத்து நடுவுல நின்னுக்கிட்டு, சுவீடன்காரனுக்கு எப்பவும் ஒரு மணி நேரம் லேட்டுன்னு கத்துவான் பாரு. எனக்குக் கல்யாணமான நாள்லேருந்து இதே ஜோக்குதான். அவனே சொல்லி அவனே சிரிச்சுக்குவான்.

என்ன? பெட்டியா? பெட்டிக்கு என்னம்மா, பெட்டி நல்லாத்தான் இருக்கு. திறந்து பாக்க வேணாம்னுதான் சொல்றேன். உன்னப் பாலத்துலேருந்து கையப் புடிச்சுக் கூட்டியாந்ததே அதுக்குத்தான். ஃபாரத்துல உள்ள என்ன இருக்குன்னு எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருக்கா? இருந்துட்டுப் போகட்டும். பெட்டி ஒண்ணு, பச்சை நிறம், ஈய சீல் உடையலன்னு எழுது. அதுல ஒரு எழுத்து பொய் கிடையாது.

ஏன்னா, முப்பத்தொம்பது நாப்பது வருஷத்துப் பெட்டி. திறந்தா வெடிச்சு கிடிச்சு வச்சா? வெடிக்காதா. வெறும் கைப்பிடியும் உள்ள ஒரு சின்ன டைனமோவுந்தானா? சரி, நீ இஞ்சினியரு, உனக்குத் தெரியாததா. அப்ப எலி இருக்கும்னு வச்சுக்க. எலிக்கும் பயப்பட மாட்டியா? நல்ல பொண்ணாத்தான் அனுப்பியிருக்காங்க.

இரு, மொதல்லேருந்து சொல்றேன். நான் அக்கரைப் பொண்ணு, ஹில்யா. எண்பத்தி நாலுல ஃபோல்க்கெயக் கட்டிக்கிட்டு இதே பாலத்து மேல நடந்துதான் இந்தப் பக்கம் வந்தேன். மறு வருஷம் படையிலேருந்து ரெண்டு பேர் வந்தாங்க. எங்க வீட்டுக்காரரு ஊர்க்காவல் படையில இருந்தவரு. சொன்ன பேச்சு தட்டாத மனுஷன். அவருகிட்ட இந்தப் பெட்டியக் குடுத்தாங்க. பாலத்துத் தூண்ல இரும்புக் கதவு போட்ட பொந்து இருக்கே, காலைல நீ டார்ச் அடிச்சுப் பாத்தியே, அதுக்குள்ள வெடிமருந்த அடைக்கறது வேற ஆளுங்க வேலை. இவரு முந்நூறு மீட்டர் தள்ளி புதர்ல உக்காந்துக்கிட்டு இந்தப் பெட்டியோட கைப்பிடியச் சுத்தணும். கிழக்கேருந்து, ஃபின்லாந்து வழியா யாராச்சும் படையெடுத்து வந்தா. யாருன்னு பேர் சொல்லல. சொல்லவே வேணாமே, எல்லாருக்கும் தெரியும்.

பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. அவரும் விடல. ஆனா தெனமும் சாப்பாட்டுக்கு அப்புறம் விறகுக் கொட்டாய்க்குப் போய் பத்து நிமிஷம் நிப்பாரு. எந்த ஆம்பள விறகப் பாத்துக்கிட்டு பத்து நிமிஷம் நிப்பான்? பாட்டில் ஒளிச்சு வச்சிருக்காருன்னு நெனச்சு நான் போய்த் தோண்டினா, பெட்டி. மேல ஒரு காகிதம் ஒட்டியிருந்துச்சு. நான் நடந்து வந்த பாலத்தப் படமா வரைஞ்சு, எங்க எங்க விழும்னு அம்புக்குறி போட்டிருந்தான் எவனோ.

ஆமாம்மா, அப்பல்லாம் அப்படித்தான். சுவீடனுக்கு நாடு இந்தக் கரையில ஆரம்பிக்குது. அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறது எதிரி வர்ற வழி. எதிரி வர்ற வழியில என்ன இருந்துச்சுங்கற? எங்கம்மா வீடு, மூணு மாடு, நீராவியில குளிக்கற சௌனாக் கொட்டாய் ஒண்ணு, அதுக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டு உர்போ. எங்கம்மா திங்கக்கெழம துணி காயப்போட்டா இதோ இந்த ஜன்னல்லேருந்து எத்தன போர்வைன்னு எண்ணிச் சொல்லுவேன்.

இன்னொரு கப் ஊத்தறேன். ஊத்தினா குடிக்கணும், இங்க வேணாம்னு சொன்னா கோவிச்சுக்குவாங்க.

உன்ன அனுப்பின ராணுவக் கூட்டணியோட கூத்தையும் கேளு. ஃபின்லாந்து முந்திக்கிச்சு. நாங்க பதினொரு மாசம் வாசல்லயே நின்னோம், எங்க மனுவ ஒவ்வொருத்தரும் புரட்டிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. சேந்த மறுநாளே உர்போ சௌனாக் கூரையில உங்க நீலக் கொடியக் கட்டிட்டான். சாயங்காலம் ஆத்துப் பனி மேல நின்னுக்கிட்டு, மாப்ள, இனிமே நான் உனக்கும் சேத்துக் காவல் இருக்கேன், நீ பயப்படாமத் தூங்குன்னு கத்தறான். ஊரே கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மூஞ்சி செவந்துபோச்சு. ஆனா ராத்திரி சாப்பிட உக்காந்தவரு நெசமாவே குழம்பிப்போய் எங்கிட்ட கேட்டாரு. உங்கண்ணன் இப்ப பெரிய கூட்டத்துல ஒருத்தன், நாம வெளிய நிக்கறோம். இப்போ பாலத்த யாருக்காக நிறுத்தி வைக்கறது, யாருக்காகத் தகர்க்கறதுன்னு. ரகசியம் வெளிய வந்துருச்சேன்னு அவரும் கவனிக்கல, நானும் காட்டிக்கல. ஒரு கடுதாசிகூடப் போட்டாரு. பதில் வரல. எப்படி வரும், அந்தப் பிரிவக் கலைச்சு இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு. பெட்டியத் திருப்பி வாங்கணும்னு யாருக்கும் ஞாபகம் இல்ல.

அப்புறம் நாங்களும் சேந்தோம். பின்னாடியே நீ வந்து நிக்கற, கையில ஒரு மீட்டரோட. அறுவது டன் டாங்கியத் தாங்குமான்னு பாக்கறியாம். நார்வே துறைமுகத்துல எறங்கி, மலையத் தாண்டி, எங்க வீட்டு வாசல் வழியா ஃபின்லாந்துக்குப் போகணுமாம் எல்லாம். நல்லாருக்கு. எத்தன நிமிஷத்துல விழும்னு கணக்குப் போட்ட பாலம், இப்ப விழவே கூடாதுங்கறீங்க. அதே ரோடு, அதே தூணு, படையெல்லாம் போற திசை மட்டும் மாறிப்போச்சு. தூண்ல இருக்கற பொந்த அடைச்சுக் கான்கிரீட் கட்டப்போறீங்கன்னு கேட்டதும் அந்த மனுஷன் ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. அப்புறம் அவராவே சொன்னாரு, முறைப்படி ஒப்படைச்சிடறேன்னு. பூட்ஸுக்கு மூணு தடவ பாலிஷ் போட்டாச்சு. பழைய யூனிஃபார்ம் இடுப்புல பொத்தான் எட்டல, நான் எலாஸ்டிக் வச்சுத் தச்சேன். எழுபத்திமூணு வயசாச்சு. நேத்திக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு சல்யூட் அடிச்சுப் பழகினாரு, நான் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு. பாலத்துல வேடிக்கை பாக்க வர்ற அத்தன பேர் முன்னாடி நீ அந்தப் பெட்டியத் திறந்தேன்னா அவரு உடைஞ்சுபோயிருவாரு கண்ணு. அதுதான் எனக்கு பயம்.

ஏன்னா? மறுபடி ஏன்னா. விடமாட்ட நீ.

சரி, கதவச் சாத்து. எண்பத்தாறு, இலையெல்லாம் பழுக்கற நேரம். அவரு மூஸ் மான் வேட்டைக்கு ஒரு வாரம் காட்டுக்குப் போயிட்டாரு. எங்க மக எல்வி மூணு மாசக் கொழந்த. நான் ஒரு திருப்புளிய எடுத்துக்கிட்டு விறகுக் கொட்டாயில உக்காந்தேன். எங்க படைக்காரங்க புத்திசாலிங்கதான், மூடிக்கு ஈய சீல் வச்சாங்க. பெட்டிக்கு அடிப்பக்கம்னு ஒண்ணு இருக்கறத மறந்துட்டாங்க. அடியில வெறும் நாலு திருகாணி.

உள்ள இருந்தத எடுத்துத் துணியில சுத்தி, தள்ளுவண்டியில எல்விக்குக் கீழ வச்சு, பட்டப்பகல்ல பாலத்து மேல தள்ளிக்கிட்டு அக்கரைக்குப் போனேன். இந்த ஆத்துல வெண்ணெயும் காப்பியும் கடத்தாத குடும்பம் கிடையாது, ஆனா ஒரு நாட்டோட ராணுவத்தையே கடத்தினவ நான் ஒருத்திதான். கஸ்டம்ஸ்காரன் வண்டிக்குள்ள எட்டிப் பாத்தான். அப்பன உரிச்சு வச்சிருக்குன்னான். எங்கம்மா ஒரு கேள்வி கேக்கல. வாங்கி சௌனாக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டா. இன்னிக்கும் அங்கதான் இருக்கு. உர்போ தெனம் கால்ல இடிச்சுக்கிட்டு திட்டறான், அது என்னன்னு அவனுக்குத் தெரியாது.

பெட்டி காலியா இருந்தா கண்டுபிடிச்சிருவாங்களே. வருஷாவருஷம் ஒரு சார்ஜண்ட் வருவாரு, தூக்கிப் பாப்பாரு, குலுக்கிப் பாப்பாரு, சீலப் பாப்பாரு, கையெழுத்துப் போடுவாரு. அதே கனம் வேணும், இரும்பா இருக்கணும், கைப்பிடியும் இருந்தா விசேஷம். என் கல்யாணத்துக்கு எங்க சித்தி குடுத்த கறி அரைக்கிற மிஷின உள்ள வச்சுத் திருகாணியப் போட்டுட்டேன். பதினாலு வருஷம், மிஷின் சண்டைக்குத் தயார்னு அந்த சார்ஜண்ட் கையெழுத்துப் போட்டிருக்காரு.

சிரி, சிரி, சத்தம் வராமச் சிரி.

தப்புதான். சார்ஜண்ட் ஜீப்பு சத்தம் கேட்டாலே நான் அடுப்படிக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவேன். உத்தரவு வந்திருந்தா இந்த மனுஷன் புதர்ல உக்காந்து கறி மிஷினச் சுத்தியிருப்பாரு, எவனாச்சும் வந்து அவரச் சுட்டிருப்பான். அத நெனச்சு அழுதிருக்கேன். ஆனா அந்தக் கரையில எங்கம்மா இருந்தா. அந்த வருஷம் திரும்பி வந்தா திரும்பவும் திருப்புளியத்தான் எடுப்பேன். அவருகிட்ட எப்படிச் சொல்றது? பாலம் போனாலும் தாங்குவாரு. கூடவே படுத்துக்கிட்டு, கூடவே சாப்பிட்டுக்கிட்டு, இத்தன வருஷம் அவரு காவலுக்கு நான் சிரிக்காம டீ போட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு.

பேனாவ எடுத்துட்டியா. என்ன எழுதற, படி. பெட்டி ஒண்ணு. பச்சை நிறம். சீல் உடையல. நல்லாருப்ப கண்ணு.

அதோ, பன்னெண்டு ஆகறதுக்கு முன்னாடியே கொட்டாய்லேருந்து கெளம்பிட்டாரு பாரு, நடைய. வயித்த உள்ள இழுத்துக்கிட்டு. நீ முன்னாடி போய்ப் பாலத்துல நில்லு. ரெண்டு கையாலயும் வாங்கு, கனமா இருக்கும். சல்யூட் நல்லா அடி, மூஞ்சியப் பாத்து அடி. அப்புறம் உங்க ஊருக்குப் போனப்புறம் தனியா ஒரு நாள் அடித் திருகாணிய எடுத்துட்டு, அந்த மிஷின மட்டும் தபால்ல போட்டுரு, உர்போ விலாசத்துக்கு. கறிய கத்தியால கொத்திக் கொத்தி எனக்குத் தோளே போச்சு. மிஷின எங்கயோ கைமறதியா வச்சுட்டேன்னு அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன், பாவம், இன்னும் தேடறாரு. போன வாரம்கூட விறகுக் கொட்டாயில அந்தப் பெட்டிய நகத்தி வச்சுட்டு அது பின்னாடி தேடிக்கிட்டிருந்தாரு.